பாப்பாவின் பாதம் சப்பையா? பதறாதீர்கள்!

கோகுலாஷ்டமி அன்று வாசலிலிருந்து பூஜை அறை வரை கண்ணன் பாதம் போடுவது நமக்கெல்லாம் பழக்கம். கையை முஷ்டியாக மடக்கி மாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் பதித்து, மேலே ஐந்து விரல் புள்ளி வைப்பது ஒரு வழி. வீட்டில் குழந்தை இருந்தால் அதன் காலையே மாவில் நனைத்து நடக்க விடுவது இன்னொரு வழி. போன வருஷம் திருவையாற்றுப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் தங்கை இரண்டாவது வழியைச் செய்தாள். அங்கேதான் வந்தது வினை!

ஏழு வயதுப் பாப்பா ஆசை ஆசையாக நடந்து போனாள். சிவப்புச் சிமெண்ட் தரையில் வெள்ளை வெள்ளையாகத் தடம் விழுந்தது. தங்கையின் மாமியார் குனிந்து பார்த்தார்.

"என்னடி இது! கண்ணன் பாதம்னா நடுவுல குழிவு இருக்கணும். இது தோசைக்கல்லு மாதிரி ஒரே சப்பையால்ல இருக்கு? பொட்டப்புள்ளைக்குச் சப்பைக் காலு ஆவாதுன்னு எங்க ஆத்தா சொல்லும்."

அவ்வளவுதான். பண்டிகை முடிவதற்குள் அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒரு யோசனை. "இப்பவே பார்க்கலைன்னா முதுகு கூனிப் போயிடும்" என்றாள் ஒருத்தி. "போலீஸ் வேலைக்குக்கூட எடுக்க மாட்டாங்க" என்றார் இன்னொருவர். டவுனில் ஒரு கடையில் செருப்புக்குள் வைக்கும் மேட்டுத் தட்டையை விலை சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வேறொரு இடத்தில், கண்ணில் பெட்டி மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு குழந்தை விளையாடினாலே பாதம் சரியாகிவிடும், இருபத்துநாலு தடவை வரவேண்டும் என்று சொன்னார்களாம். பாப்பாவோ, பள்ளிக்கூடத்தில் கபடிக்குக் கூப்பிட்டால் போவதில்லை. காலை மடக்கிப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்துவிட்டாள்.

தங்கை எனக்குப் போன் செய்தாள். "அக்கா, கை வளையலை வெச்சுப் பணம் புரட்டிடலாமான்னு பார்க்குறேன். உடற்பயிற்சி போதுமா, அந்த விளையாட்டு வைத்தியமே செஞ்சுடலாமா, நீயே சொல்லு."

"வளையல் கையிலேயே இருக்கட்டும். முதல்ல எலும்பு டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்று சொல்லிப் புறப்பட்டுப் போனேன். அங்கே கேட்டதையும், பிறகு படித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குட்டிப் பாதம் இருக்கலாம் அல்லவா?

பாதத்தில் ஒரு பாலம்

நம் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள். அவை குதிகாலிலிருந்து விரல் அடிவரை வில் போல வளைந்து நிற்கின்றன. கல்லணைக்குப் போகிறவர்கள் மதகுகளின் மேல் வளைவைப் பார்த்திருப்பார்கள். பாதத்தின் உட்பக்க வளைவும் அப்படித்தான், பாரத்தைத் தாங்குகிறது. ஆனால் இது கல்லால் கட்டியது இல்லை. எலும்பை எலும்போடு கட்டும் நார்களும், உள்ளங்காலின் சின்னத் தசைகளும், கெண்டைக்காலிலிருந்து இறங்கும் தசைநார்களும் சேர்ந்து இழுத்துப் பிடித்திருக்கும் வளைவு.

பிறந்த குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சு மெத்தை மாதிரி கொழுப்பு இருக்கும். நார்களும் இளசு. ஆகவே நடக்க ஆரம்பிக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் பாதம் சப்பைதான்! வயது ஏற ஏற, பத்து வயதுக்குள் பெரும்பாலோருக்கு வளைவு தானாக எழும்புகிறது.

ஆஸ்திரியா நாட்டில் 3 வயது முதல் 6 வயது வரையுள்ள 835 குழந்தைகளைப் பரிசோதித்து 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று வயதில் நூற்றுக்கு 54 பேருக்குத் தட்டைப் பாதம். ஆறு வயதில் அது 24 ஆகக் குறைந்துவிட்டது. நோய் என்று சொல்லத்தக்க தட்டைப் பாதம் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. உடல் பருமனான குழந்தைகளிடம் சப்பைப் பாதம் அதிகம் என்பதும் அதில் தெரிந்தது.

வளையுமா, வளையாதா?

டாக்டர் பாப்பாவைச் செருப்பில்லாமல் நிற்கச் சொன்னார். பாதம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. "குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நில்லு பார்க்கலாம்" என்றார். பாப்பா எம்பி நின்றாள். அட! எங்கேயோ ஒளிந்திருந்த வளைவு பளிச்சென்று எழுந்து வந்தது.

"பார்த்தீங்களாம்மா? வளைவு இருக்கு. பாரம் ஏறினா அமுங்குது, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

இதைத்தான் வளையும் தட்டைப் பாதம் என்கிறார்கள். வலி இல்லாவிட்டால் இது நோய் அல்ல. நுனிக்காலில் நின்றாலும் வளைவு வராமல், பலகை போல விறைப்பாக இருந்தால் அது வேறு சங்கதி. எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அதற்கு எக்ஸ்ரே, மேல் சிகிச்சை தேவைப்படும்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கலாம்:

1. பாதத்தை நனைத்துக் காய்ந்த தரையில் நடக்க விடுங்கள். உட்பக்கம் குழிவு தெரிகிறதா பாருங்கள்.

2. நுனிக்காலில் நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து பாருங்கள். வளைவு எழவேண்டும். குதிகால் சற்றே உள்பக்கம் திரும்பவேண்டும்.

3. நாற்காலியில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். பாரம் இல்லாதபோது வளைவு தெரிகிறதா?

4. குழந்தை நிற்கும்போதே கட்டைவிரலை மேலே தூக்கிப் பாருங்கள். உள்ளங்காலின் நார் இழுபட்டு வளைவு எழும்பும்.

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வளைவு வந்து, குழந்தை வலி இல்லாமல் ஓடியாடினால் நிம்மதியாக இருங்கள்.

பூட்ஸ் போட்டால் சரியாகுமா?

இதில்தான் நம் பணம் அதிகம் கரைகிறது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் எலும்பு டாக்டர் பெஞ்சமின் ஜோசஃப், உதய பாஸ்கர ராவ் என்பவரோடு சேர்ந்து 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992-ல் வெளியிட்டார். செருப்பு, ஷூ போடும் குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்த குழந்தைகளில் 2.8 பேருக்குத்தான்! விரல்களை மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், சாதாரணச் செருப்புப் போட்டவர்களிடம் குறைவு, வெறுங்கால்காரர்களிடம் மிகக் குறைவு. 1995-ல் சச்சிதானந்தம் என்ற டாக்டரோடு சேர்ந்து வளர்ந்த 1846 பேரிடம் நடத்திய ஆய்விலும், சின்ன வயதிலேயே ஷூ போடத் தொடங்கியவர்களிடம்தான் தட்டைப் பாதம் கூடுதலாக இருந்தது.

மேடு வைத்த விசேஷ பூட்ஸ், உள்தட்டை எல்லாம்? அமெரிக்காவில் 1989-ல் வெளியான ஓர் ஆய்வில், வளையும் தட்டைப் பாதம் உள்ள சிறு குழந்தைகளைப் பிரித்து, சிலருக்கு விசேஷ பூட்ஸ், சிலருக்கு உள்தட்டை, சிலருக்கு எதுவுமே இல்லை என்று மூன்று வருஷம் கவனித்தார்கள். கடைசியில் எல்லாருக்கும் வளைவு ஒரே மாதிரிதான் முன்னேறியிருந்தது. பூட்ஸ் போட்ட குழந்தைக்கு வளர்ந்தது பூட்ஸினால் அல்ல, வயதினால். வலி இருக்கும் குழந்தைக்கு டாக்டர் உள்தட்டை எழுதிக் கொடுத்தால் போடலாம். வலியே இல்லாத குழந்தைக்கு அது வீண் செலவு.

உடற்பயிற்சியா, வி.ஆர். விளையாட்டா?

சரி, தங்கையின் கேள்விக்கு வருவோம். வி.ஆர். என்கிற மெய்நிகர் விளையாட்டு வைத்தியம் என்றால் என்ன? ஒரு வகையில், கண்ணை மூடும் பெட்டி போன்ற கருவியை மாட்டுகிறார்கள். குழந்தைக்கு மலை, ஆறு, பறக்கும் பந்து எல்லாம் நேரில் இருப்பது போலத் தெரியும். இன்னொரு வகையில் பெட்டி கிடையாது. திரைக்கு முன்னால் ஒரு பலகையில் நிற்கவைக்கிறார்கள். பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பலகை கண்டுபிடித்துத் திரையில் உள்ள பொம்மையைச் சாய்க்கும். 2007-ல் ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனி வீட்டு விளையாட்டுக்காகக் கொண்டுவந்த இப்படிப்பட்ட பலகையை, உலகெங்கும் பிஸியோதெரபி செய்பவர்கள் சிகிச்சைக்கும் எடுத்துக்கொண்டார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கும், மூளைவாதக் குழந்தைகளுக்கும் நிற்கப் பழக்க இது உதவுகிறது. மாயம் ஒன்றுமில்லை, ஏமாற்றும் இல்லை.

ஆனால் தட்டைப் பாதத்துக்கு? இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

தசைக்கு: பாதப் பயிற்சி உள்ளங்காலின் சின்னத் தசைகளையே நேராக வேலை வாங்குகிறது. விளையாட்டுக் கருவி அதைவிடக் கணுக்காலையும், உடம்பு சாயாமல் நிற்கும் சமநிலையையும்தான் பழக்குகிறது. ஆகவே இதை அதற்குப் பதில் என்று சொல்லமுடியாது. துணை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆர்வத்துக்கு: இங்கே விளையாட்டு ஜெயித்துவிடுகிறது! "பாதத்தைச் சுருக்கு, பத்து எண்ணு" என்றால் எந்தக் குழந்தை தினமும் கேட்கும்? மூன்றாம் நாள் முகத்தைச் சுளிக்கும். திரையில் மார்க் விழுகிறது என்றால் கூப்பிடாமலே ஓடிவரும். பயிற்சி பலிப்பது தினசரி செய்வதில் என்பதால் இதை லேசாக நினைக்கக்கூடாது.

சரியாகச் செய்வதற்கு: கண்ணை மூடிய பெட்டிக்குள் குழந்தைக்குத் தன் பாதம் தெரியாது. மார்க் வாங்குகிற அவசரத்தில் இடுப்பைச் சாய்த்தோ முட்டியை உள்ளே மடக்கியோ தப்பித்துவிடும். பக்கத்தில் நின்று காலைக் கவனிக்கும் பிஸியோதெரபி ஆள் இல்லையென்றால் அது வெறும் விளையாட்டுத்தான்.

பத்திரத்துக்கு: பெட்டி மாட்டினால் சில குழந்தைகளுக்குத் தலைசுற்றல், குமட்டல் வரும். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம் என்று கருவி செய்யும் கம்பெனிகளே வயது வரம்பு போட்டிருக்கின்றன.

செலவுக்கு: அதை நான் சொல்லவேண்டுமா? மையத்துக்குக் கொடுப்பது ஒரு பக்கம். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்துபோகும் நேரமும், அன்றைக்கு விட்டுப்போன நடவுக் கூலியும் இன்னொரு பக்கம்.

இரண்டையும் ஒப்பிட்டுச் செய்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் கொஞ்சம் பேரைச் சில வாரங்கள் மட்டும் கவனித்தவை. சமநிலை கூடுகிறது, ஆர்வம் கூடுகிறது என்று சொல்லலாமே தவிர, கருவி விளையாட்டு நிரந்தரமாக வளைவைக் கட்டிக் கொடுக்கும் என்று உறுதி சொல்ல அவை போதாது. உண்மையைச் சொன்னால் பயிற்சியும் எலும்பை வளைத்துவிடாது. தசைக்கு வலுவும், காலுக்கு நிதானமும் தரும். அயர்ச்சி குறையும்.

டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னது இதுதான்: "வலி இல்லாத குழந்தைக்கு இரண்டுமே கட்டாயமில்லைம்மா. செய்யணும்னு ஆசைப்பட்டா வீட்டுல செய்யுங்க. விளையாட்டா செய்யுங்க."

நம் வீட்டு வி.ஆர்.!

விளையாட்டாக... அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டோம். நம் ஊரில் இல்லாத விளையாட்டா? தங்கையும் நானும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். ஆறு, ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றது. தினம் பதினைந்து நிமிஷம் போதும். எல்லாம் வெறுங்காலில்.

1. புளியங்கொட்டை பொறுக்குதல்: இருபது புளியங்கொட்டையைத் தரையில் இறைத்து, கால் விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொட்டாங்கச்சியில் போடவேண்டும். எந்தக் கால் முந்துகிறது என்று போட்டி! வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டைகளை எண்ணி எடுத்துவையுங்கள். வாயில் போட்டுக்கொள்ளும்.

2. துண்டு இழுத்தல்: தரையில் ஈரிழைத் துண்டை விரித்து, குதிகாலை ஊன்றி, விரல்களால் சுருட்டிச் சுருட்டித் தன்பக்கம் இழுக்கவேண்டும். பழகியபின் துண்டின் மறுமுனையில் ஒரு படி அரிசி வையுங்கள்.

3. நத்தைப் பாதம்: இதுதான் முக்கியமானது. பாதம் முழுதும் தரையில் இருக்க, விரல்களை மடக்காமல், கட்டைவிரல் அடியைக் குதிகால் பக்கம் இழுப்பது போலப் பாதத்தைக் குறுக்கவேண்டும். நடுவில் குகை மாதிரி எழும்பும். ஐந்து எண்ணி விடலாம். பத்து தடவை. முதலில் உட்கார்ந்து, பிறகு நின்றுகொண்டு. முதல் வாரம் வராது, திட்டாதீர்கள்.

4. நுனிக்கால்: சுவரைத் தொட்டுக்கொண்டு மெதுவாக எம்பி, மூன்று எண்ணி, மெதுவாக இறங்கவேண்டும். பத்து தடவை. பரதநாட்டியம் படிக்கும் பெண்கள் குதித்து மெட்டு அடவில் நுனிக்காலில் எழும்பிக் குதிகாலைத் தட்டுகிறார்களே, அதன் சாந்தமான தங்கை இது. தஞ்சை நால்வர் பிறந்த மண்ணில் இதைச் சொல்லித்தரவா ஆள் இல்லை!

5. சுவர் தள்ளுதல்: ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. பின்கால் குதி தரையை விடாமல், முட்டி மடங்காமல் சுவரைத் தள்ளவேண்டும். கெண்டைக்கால் இழுபடும். இருபது எண்ணிக் கால் மாற்றலாம். கெண்டை நரம்பு இறுகியிருந்தால் பாதம் மேலும் அமுங்கும் என்பதால் இதை விடாதீர்கள்.

6. பாண்டி: வாசலில் கட்டம் போட்டு, சில்லு எறிந்து, நொண்டியடித்துத் தாண்டவேண்டும். ஒற்றைக்காலில் சமநிலை, தாவி இறங்கும் நிதானம், மார்க், தோற்றால் மறுபடி ஆட்டம்... கருவி கொடுப்பதை எல்லாம் ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கட்டி கொடுத்துவிடுகிறது! மண் தரையில் ஆடட்டும், கான்கிரீட்டில் வேண்டாம்.

வெறுங்கால் நல்லதுதான், ஆனால்...

வெறுங்கால் நல்லது என்றதும் செருப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நம் டெல்டா மண்ணில் சேறும் ஈரமும் அதிகம். கொக்கிப்புழு வெறும் பாதத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைந்து ரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்குகிறது. மலம் கழிக்கும் இடங்களிலும், எலி நடமாடும் தேங்கிய தண்ணீரிலும், இருட்டில் வரப்பு மேலும் செருப்பில்லாமல் போகக்கூடாது. வீட்டுக்குள், பெருக்கிய வாசலில், கோயில் பிரகாரத்தில் வெயில் தாழ்ந்தபின் நடக்கட்டும். காவிரியில் தண்ணீர் இல்லாத கோடையில் மணலில் ஓடி விளையாடலாம். மணல் அள்ளிய பள்ளங்கள் பக்கம் போகவிடாமல் பெரியவர்கள் கூட இருக்கவேண்டும். பள்ளிக்கு ஷூ கட்டாயம் என்றால், விரல் நெரியாத அளவில் வாங்கி, வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்கள் குழந்தையோடு சேர்ந்து வெறுங்காலில் இறங்கவேண்டாம். உணர்ச்சி மரத்த காலில் சின்ன முள்ளும் பெரிய புண்ணாகிவிடும்.

எப்போது டாக்டரிடம் ஓடவேண்டும்?

பாதம் வலிக்கிறது, ராத்திரி அழுகிறது, நொண்டுகிறது என்றால்; ஒரு பாதம் மட்டும் சப்பையாக இருந்தால்; நுனிக்காலில் நின்றாலும் வளைவு வராவிட்டால்; முன்பு வளைவாக இருந்த பாதம் புதிதாகச் சப்பையானால்; குழந்தை அடிக்கடி தடுக்கி விழுந்தால், தள்ளிப் போடாதீர்கள். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி போன்ற அரசு மருத்துவமனைகளில் எலும்புப் பிரிவும் பிஸியோதெரபியும் உண்டு. கடைக்காரர் பேச்சைக் கேட்கும் முன் அங்கே ஒரு தடவை காட்டுங்கள்.

அம்மாவின் பாதம்?

குழந்தையைப் பார்க்கிற நாம் நம் காலைப் பார்ப்பதில்லை. பிள்ளை பெற்றபின் பழைய செருப்பு இறுக்குகிறதா? பிரமை இல்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 49 கர்ப்பிணிகளை அளந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் பலருக்குப் பாத வளைவு சற்று இறங்கி, பாதம் நீண்டிருந்தது. முக்கியமாக முதல் பிரசவத்தில். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பாதம் மட்டும் புதிதாகச் சரிந்து, உள்கணுக்காலின் பின்னால் வலியும் வீக்கமும் வந்தால் அது தசைநார் நலிந்ததன் அறிகுறி. "வயசாச்சு, அப்படித்தான்" என்று அடுப்படியில் நின்றுகொண்டே இருக்காதீர்கள்.

வேலைக்கு ஆகாதா?

ராணுவம், போலீஸ் என்று கனவு காணும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தேர்வுகளில் பாதத்தைப் பார்க்கிறார்கள் என்பது நிஜம்தான். ஆனால் ராணுவ அதிகாரிகளுக்கான என்.டி.ஏ. தேர்வின் மருத்துவ விதியில் என்ன இருந்தது தெரியுமா? நுனிக்காலில் நிற்கும்போது வளைவு திரும்பி வந்து, பாதம் வலியின்றி இளகி இருந்து, நன்றாக ஓடவும் தாவவும் முடிந்தால் ஏற்கலாம் என்று! வேலைக்கு வேலை விதி மாறும் என்பதால் அந்தந்த அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள். வளையும் பாதம் என்றாலே எல்லாக் கதவும் அடைத்துவிட்டது என்று ஏழு வயதுக் குழந்தை காதில் விழும்படி பேசாதீர்கள்.

இந்த வருஷ கோகுலாஷ்டமிக்கு நானும் தங்கை வீட்டில் இருந்தேன். வளையல் அவள் கையிலேயே இருந்தது. பாப்பா மாவில் காலை நனைத்து நடந்தாள். தடத்தில் குழிவு வந்துவிட்டதா என்றால், உள்பக்கம் ஒரு விரல் அளவு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பயிற்சியால் வந்ததா, ஒரு வயது கூடியதால் வந்ததா? டாக்டரே இரண்டிலும் கொஞ்சம் என்றுதான் சொல்வார்.

ஆனால் பூஜை முடிவதற்குள் வாசலில் பாண்டிக் கட்டம் போட்டாகிவிட்டது. நொண்டியடித்து ஏழு கட்டமும் தாண்டி, மூச்சு வாங்க வந்து நின்றவளைப் பார்த்து மாமியார் சொன்னார்:

"காலு சப்பையா இருந்தா என்ன? ஊரு புள்ளைங்களை எல்லாம் தோக்கடிச்சுட்டு வருதே, எங்க வீட்டுக் கண்ணன்!"

பாப்பா காலை மறைக்கவில்லை. சீடைக்குக் கை நீட்டினாள்.